டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போங்கள்: புறக்கடைக் கோழி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றுதான் முடிகின்றன. இருபத்திரண்டு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். என் கோழிகளுக்கு வந்த தொல்லைகளில் பலவற்றுக்குக் காரணம் கூட்டில்தான் இருந்தது. அதனால் மருந்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் முதலில் கூட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஏழு பெட்டைக் கோழிகள் இருக்கின்றன. ஒரு மாதமாக, பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போக மறுக்கின்றன. பிடித்து உள்ளே விட்டாலும் ராத்திரி முழுக்கக் கெக்கரித்துக்கொண்டே இருக்கின்றன. முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது, கொண்டை வெளுத்திருக்கிறது. பகலில் இறகைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு பேன்கூட இல்லை. சத்து டானிக் கொடுக்கலாமா அக்கா?
*– கோழி வளர்ப்புக்குப் புதிய வாசகி*

பதில்: டானிக்கை வாங்கி வைக்காதீர்கள் அம்மா. இன்று இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போங்கள். கோழிகள் உட்கார்ந்திருக்கும் கட்டையின் அடிப்பக்கத்தை அந்தத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் அது உங்கள் கோழியின் ரத்தம்தான். அதைக் குடித்துவிட்டு அங்கே ஒளிந்திருக்கும் செள்ளு என்ற குட்டி ஒட்டுண்ணி நசுங்கி அப்படித் தெரிகிறது.

சிவப்புச் செள்ளு பகலில் கோழியின் மேல் தங்காது. அதனால்தான் நீங்கள் இறகைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றும் கண்ணில் படவில்லை. கோழிப்பேன் பிறந்து சாகும்வரை கோழியின் உடம்பிலேயே கிடக்கும். செள்ளு அப்படி இல்லை. கட்டை சுவரோடு சேரும் இடம், பலகை இடுக்கு, ஆணி ஓட்டை, முட்டைப் பெட்டியின் மூலை என்று ஒளிந்துகொண்டு, இருட்டிய பிறகு ஏறி வந்து ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது. ஒன்றிரண்டு இருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகுதான், பலகையில் உப்பும் மிளகும் கொட்டியதுபோல் ஒரு தூசி தெரியும். அந்தத் தூசியைத் தொட்டுப் பார்த்தால் நகரும். முதல்முறை அதைப் பார்த்த அன்று முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியும் எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஒரு மணி நேரம் கூட்டுக்குள் நின்ற எனக்கே அப்படி என்றால், வாரக்கணக்காக அதில் அடைந்து கிடந்த கோழிகளின் பாடு என்ன? கூட்டுக்குள் போகாமல் அவை அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? கோழிகளை இரண்டு நாளைக்கு வேறு பத்திரமான இடத்தில் அடையுங்கள். தரையில் போட்டிருக்கும் உமி, வைக்கோல் எல்லாவற்றையும் வாரி எரித்துவிடுங்கள் அல்லது பையில் கட்டித் தொலைவில் போடுங்கள். குப்பைக்குழியில் கொட்டினால் திரும்பி வரும். உட்காரும் கட்டைகளைக் கழற்றி எடுங்கள். எல்லா இடுக்கையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கொதிக்கும் சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சுவரிலும் பலகை இடுக்கிலும் சுண்ணாம்பு அடியுங்கள். பிளந்த கட்டையைத் திரும்ப மாட்டாதீர்கள். வழவழப்பான புதுக் கட்டை போட்டு, அது சுவரைத் தொடும் இரு முனைகளிலும் வாஸ்லைன் தடவி வையுங்கள். ஏற வரும் செள்ளு அதில் ஒட்டிக்கொள்ளும்.

பலரும் இதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். செள்ளின் முட்டை தப்பித்துவிடும், சுடுதண்ணீர் படாத இடுக்கில் அது மிஞ்சிவிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக மாற ஏழெட்டு நாள் போதும். அதனால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு தடவை இதே வேலையைச் செய்யுங்கள். கூட்டைச் சும்மா பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பூச்சி இது. கொண்டை வெளுத்த கோழிகளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாளைக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்கிறார்களே?

பதில்: இடும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும்.

கேள்வி: என் கோழிகள் ஒன்றரை வருடம் நன்றாக முட்டையிட்டன. இப்போது இறகு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கூட்டைத் திறந்தால் தலையணை கிழிந்ததுபோல் இருக்கிறது. முட்டை அறவே நின்றுவிட்டது. தோல் நோயா?

பதில்: கழுத்தில் தொடங்கி நெஞ்சு, முதுகு, இறக்கை, கடைசியாக வால் என்று வரிசையாகக் கொட்டுகிறதா? கொட்டிய இடத்தில் தோல் சுத்தமாக இருந்து, முள்முள்ளாகப் புது இறகுக் குருத்து தெரிகிறதா? அப்படியானால் நோய் ஒன்றும் இல்லை, இறகு உதிர்க்கும் பருவம். பகல் நேரம் குறையத் தொடங்கும்போது பெரும்பாலும் இது வரும். இரண்டு மூன்று மாதம் நீடிக்கும். இறகு முக்கால் பங்குக்கு மேல் புரதம்தான். இறகுக்கும் புரதம், முட்டைக்கும் புரதம் என்று இரண்டுக்கும் கொடுக்க முடியாமல் கோழி முட்டையை நிறுத்திவிடுகிறது. வழக்கமான முட்டைக்கோழித் தீவனத்தில் 16 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும். இந்தச் சமயத்தில் 18 முதல் 20 சதவீதம் உள்ள தீவனம் கொடுங்கள். தானியத்தை அள்ளி அள்ளிப் போட்டால் வயிறு நிறையுமே தவிர இறகு வளராது.

அந்தக் குருத்துக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டால் வலிக்கும். பிரியமாகத் தூக்கிக் கொஞ்சுகிறவர்கள் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த இறகு, நடுவில் வழுக்கை, சிவந்த தோல் என்று இருந்தால் கதை வேறு. அப்போது பேன், சேவல் அதிகம் மிதிப்பது, ஒன்றையொன்று கொத்துவது என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கம்பிவலை அடித்து, தாழ்ப்பாளும் போட்டிருந்தேன். ஒரே ராத்திரியில் ஐந்து கோழிகள் போய்விட்டன. இரண்டுக்குத் தலை இல்லை, உடம்பு அப்படியே கிடந்தது. வலை எங்கும் கிழியவில்லை. எப்படி நடந்தது என்றே புரியவில்லை.
*– மனம் ஆறாத வாசகர்*

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் தம்பி. எனக்கும் ஒரு காலை இப்படி விடிந்தது. பதினொரு கோழிகளில் ஆறு. கதவுக்கு அடியில் மண் கரைந்து இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விழுந்திருந்ததை நான் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கல் வைத்து அடைக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துவிட்டது.

நீங்கள் அடித்திருப்பது அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாயும் நரியும் அதைப் பல்லாலேயே கிழிக்கும். வலை கிழியாவிட்டாலும் பூனை, மரநாய் போன்றவை கண் வழியாக நகத்தை விட்டு, ஓரமாகத் தூங்கும் கோழியின் கழுத்தைப் பிடித்து இழுக்கும். உடம்பு வலையைத் தாண்டாததால் தலை மட்டும் போகும். உங்கள் கூட்டிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். மற்ற மூன்றை எடுத்துப்போனது, எங்கோ கீழே ஒரு வழி கண்டுபிடித்து உள்ளே வந்திருக்கிறது. முட்டிபோட்டு உட்கார்ந்து நான்கு பக்கமும் தரையோரம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எலி நுழைகிற ஓட்டை இருந்தால் அதில் பாம்பும் வரும், மெலிந்த உடம்புள்ள மற்றவையும் வரும்.

இனிமேல் போடுவதை அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டிங் வலையாகப் போடுங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒரு தடவைச் செலவு. ஸ்டேப்ளர் முள்ளால் மட்டும் அடிக்காமல், ஓரங்களில் மரச்சட்டம் வைத்துத் திருகாணி முடுக்குங்கள். தோண்டி வருவதைத் தடுக்க, வலையைக் கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை இரண்டு அடி தரையில் விரித்துக் கல் வைத்து அழுத்திவிடுங்கள். தோண்ட வருவது சுவரை ஒட்டித்தான் தோண்டும், நகம் வலையில் மாட்டும். பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. சில மாதத்தில் புல் மூடிவிடும். தாழ்ப்பாள் ஒன்று போதாது, அதன் மேல் ஒரு கொக்கியும் வேண்டும். காற்றோட்டத்துக்கு விட்ட மேல் சந்துக்கும் இதே வலை.

மிச்சம் இருக்கும் கோழிகள் ஒரு வாரம் பத்து நாள் முட்டையிடாமல் மிரண்டு நிற்கும். வந்த பிராணி மறுபடியும் வரும். வலையை மாற்றும்வரை அவற்றை வீட்டோரமாகப் பெட்டியில் அடைத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் கோழி ஒன்று நேற்றுக் காலையிலிருந்து முட்டைப்பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. வாலைத் தொங்கப்போட்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. முக்குகிறது, முட்டை வரவில்லை. இப்போதுதான் முதல் தடவை முட்டையிடும் வயது.

பதில்: முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தனியாகவே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே போய்விடும். முட்டையை வெளியே தள்ள, கருப்பையின் தசை சுருங்க வேண்டும். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். ஓட்டுக்கும் அதே கால்சியம். ஆக, சத்து குறைந்த கோழிக்கு ஓடும் மெலிந்துபோகிறது, தள்ளும் பலமும் இல்லாமல் போகிறது. முதல் முட்டையிடும் விடைக்கோழிக்கும், கொழுத்த கோழிக்கும், ஒரு பெரிய முட்டை மாட்டிக்கொண்ட கோழிக்கும் இது வரலாம்.

என் கருப்பிக்கு வந்தபோது நான் செய்தது இது. அகலமான ஒரு வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, அவளை வயிறுவரை முங்கும்படி உட்கார வைத்தேன். முதல் ஒரு நிமிஷம் இறக்கையை அடித்தாள். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் இறக்கையை அணைத்துப் பிடித்ததும் அடங்கிவிட்டாள். சூடு ஏற ஏறக் கண் சொக்கியது. கீழிமை மேலே ஏறி மூடிக்கொண்டது, என் மணிக்கட்டின் மேல் கழுத்தைச் சாய்த்துவிட்டாள். இருபத்தைந்து நிமிஷம் அப்படியே இருந்தோம். தண்ணீர் ஆறும்போது கொஞ்சம் வெந்நீர் கலந்தேன். அப்புறம் துண்டால் ஈரம் ஒற்றி, கழிவாயைச் சுற்றி வாஸ்லைன் தடவி, அலகில் கால்சியம் சிரப் சில சொட்டு விட்டு, துணி விரித்த அட்டைப்பெட்டியில் இருட்டாக மூடி வைத்தேன். யாரையும் பக்கத்தில் போகவிடவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் துணியின் மேல் முட்டை, பக்கத்தில் அவள் எழுந்து நிற்கிறாள். ஓடு முழுக்கச் சொரசொரவென்று மணல் ஒட்டியதுபோல் இருந்தது.

வயிற்றை அமுக்கிப் பிதுக்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் ஓட்டுத் துண்டு கிழித்து, சீழ் வைத்து, கோழி செத்துவிடும். இரண்டு தடவை வெந்நீர் வைத்தும் வரவில்லை, அல்லது ஒரு நாள் தாண்டிவிட்டது என்றால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேல் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து.

இனி வராமல் இருக்க, முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம். தேவையான கோழி தேவையான அளவு எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கும் இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தைப் போடாதீர்கள். அதில் உள்ள கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: ஆறு கோழிகள் இருந்த இடத்தில் புதிதாக இரண்டு வாங்கிவிட்டேன். பழையவை துரத்தித் துரத்தித் தலையில் ரத்தம் வரக் கொத்துகின்றன. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம், நீங்கள் சேர்த்துவிட்ட முறைதான் அவசரமாகிவிட்டது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப்-எபே என்பவர் சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1921இல் இந்தக் கொத்துவரிசையைப் பற்றி ஆய்வாகவே எழுதினார். புதுக் கோழிகள் வரும்போது அந்த வரிசை முழுக்கக் கலைந்து மறுபடி அமைய வேண்டியிருக்கிறது. கொஞ்சம் துரத்தல் இல்லாமல் அது நடக்காது. ரத்தம் வருவதை மட்டும் விடக் கூடாது. சிவப்பைப் பார்த்தால் மற்றவையும் வந்து அதே இடத்தில் கொத்தும்.

இப்போது இரண்டையும் தனியாகப் பிரித்து, காயத்தைக் கழுவி மருந்து போடுங்கள். எப்படியும் புதுக் கோழியை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்க வேண்டும். நோய் ஏதாவது கொண்டுவந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அவற்றுக்குத் தீனி வைத்த கையோடு பழைய கூட்டுக்குப் போகாதீர்கள். ஒரு மாதம் ஆனதும், நடுவில் வலை வைத்து ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் இருட்டிய பிறகு எடுத்துப்போய்க் கட்டையில் உட்கார வையுங்கள். மறுநாள் விடியும்போதே அங்கே போய்விடுங்கள். தீனித்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் இரண்டிரண்டாக, தள்ளித் தள்ளி வையுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு சாய்த்த பலகை, ஒரு காலி டிரம் போடுங்கள். கடைசிப்படியில் இருக்கும் கோழிக்கு மறைவிடம் இல்லையென்றால் அது நாள் முழுக்கப் பட்டினி நிற்கும். நமக்குத் தெரியவே தெரியாது. கூட்டுக்குள் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி, வெளியே பத்துச் சதுர அடி இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். நெருக்கம் இருந்தால் சண்டை ஓயாது.

கேள்வி: அடைக்கோழி முதல் தடவையாகப் பத்து முட்டையில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற கோழிகளும் போய் அதே பெட்டியில் முட்டையிடுகின்றன. எது எப்போது இட்டது என்றே தெரியவில்லை.

பதில்: அடைவைத்த பத்து முட்டையிலும் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். கோழி தினமும் ஒரு தடவை இரை எடுக்க எழுந்து போகும், பதினைந்து இருபது நிமிஷம். அப்போது வட்டம் இல்லாத முட்டையை எடுத்துவிடலாம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். கருப்பிடித்த முட்டையில் சிலந்தி கால் விரித்ததுபோல் ரத்தக்குழாய் தெரியும். தெளிவாக இருப்பது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். உள்ளே அழுகி வெடித்தால் மற்றதும் கெடும். 21ஆம் நாள் பொரிக்கும். ஒரு நாள் முன்பின் ஆகலாம். பொரித்த குஞ்சு மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அதனால் முதல் நாள் தின்னவில்லை என்று பதற வேண்டாம். ஓட்டை நாம் உடைத்துக் குஞ்சை வெளியே எடுக்கவும் வேண்டாம்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று சொல்வார்கள். முதல் தடவை அடைகாக்கும் கனத்த கோழி மிதித்து ஒரு குஞ்சு செத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டி தரையோடு இருக்கட்டும், அடியில் வைக்கோல் குழிவாக இருக்கட்டும். முதல் இரண்டு நாள் அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

மூன்றாவது வாரத்துக்கு மேல் குஞ்சு எச்சத்தில் ரத்தம் தெரிந்தால், இறக்கையைத் தொங்கப்போட்டுக் குறுகி நின்றால், அது ரத்தக்கழிச்சல். ஈரமான தரையில் அதன் கிருமி பெருகும். அன்றைக்கே மருந்து வாங்கியாக வேண்டும், தரையையும் அன்றைக்கே காய்ந்த உமியால் மாற்றியாக வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தாலே பாதி ஈரம் குறையும்.

கேள்வி: சேவல் விடிய இரண்டு மணி நேரம் முன்னாலேயே கூவுகிறது. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். கூட்டை இருட்டாக்கினால் நிற்குமா?

பதில்: முழுசாக நிற்காது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை எந்நேரமும் மங்கிய வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். விடியலே தெரியாத அந்த இடத்திலும் அவை நேரம் தவறாமல் கூவின. உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்று 2013இல் எழுதினார்கள். அப்புறம் செய்த ஆய்வில், கொத்துவரிசையில் முதலிடத்தில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்றும் கண்டார்கள். வெளிச்சமும் அடுத்த சேவலின் சத்தமும் கூவலைக் கூட்டும். ஆகவே இருட்டும் கெட்டியான சுவரும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கழுத்தில் பட்டை கட்டிக் கூவலை அடக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் இறுகினாலும் மூச்சு முட்டும். குஞ்சு வேண்டாம் என்றால் சேவலைத் தோட்டம் உள்ள யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் தூங்க முடியாதவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

கேள்வி: என் நான்கு வயது மகள் கோழிகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறாள். பரவாயில்லையா?

பதில்: கட்டிப்பிடிப்பதும் வேண்டாம், முத்தமும் வேண்டாம். பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் இறகிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அது வந்தால் கடுமையாகப் போகும். தொட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை விளையாட்டின் ஒரு பகுதியாக ஆக்கிவிடுங்கள். கூட்டுக்குள் போகும் செருப்பு சமையலறைக்குள் வரக் கூடாது.

கேள்வி: கோழி இரண்டு நாளாக மந்தமாக இருக்கிறது. என்ன மருந்து?

பதில்: கடிதத்தில் இவ்வளவுதான் இருக்கிறது ஐயா, இதை வைத்து மருந்து சொன்னால் அது தவறு. கோழி நோயை மறைக்கும் பறவை. பலவீனம் தெரிந்தால் கூட்டமே கொத்தும் என்பதால் முடிந்தவரை சாதாரணமாக நடந்து காட்டும். நம் கண்ணுக்கு மந்தம் தெரிகிறது என்றால் நோய் முந்தியே வந்துவிட்டது.

முதலில் அதைத் தனியாக, கதகதப்பாக வையுங்கள். நாளைக் காலை தீனி வைப்பதற்கு முன் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி நிறைந்திருந்தது காலையில் காலியாகியிருக்க வேண்டும். கல்போல் கெட்டியாக இருந்தால் அடைப்பு, தண்ணீர்ப் பைபோல் தளதளவென்று இருந்து வாயில் புளித்த நாற்றம் அடித்தால் இரைப்பை புளிப்பு. நெஞ்செலும்பைத் தடவுங்கள், கத்திமுனைபோல் துருத்தினால் பல நாளாக மெலிந்து வருகிறது. அப்புறம் எச்சம். பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருப்பது சரியான எச்சம். நடுநடுவே ஒன்று கரும்பழுப்பாகப் பசைபோல் நாறும், அதுவும் சரிதான், பயப்படாதீர்கள். கொண்டை நிறம், மூச்சில் கரகர சத்தம், பாதத்தில் வீக்கம், கடைசியாக முட்டையிட்ட நாள், கோழியின் வயது எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். மனிதர்களுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள்.

எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்போல் போனாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, இன்னொரு கோழியும் படுத்தாலோ, அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி. அப்போது எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். மற்ற கோழிகளையும் யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள்.